காத்துக்கு ஒரு ஓட்டை

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் சனம் குடியிருக்கிற வரிசை வீடுகளான பணிய லயத்துக்கு இரும்புக் குழாய் போட்டு இருபத்தாறு நாளாகியும் டேங்கியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அதற்குக் குற்றவாளி யார் தெரியுமோ? கணக்குப் போட்ட எஞ்சினியர் இல்லை. குழாயை மேட்டுமேல் ஏற்றச் சொன்னவர்களும் இல்லை. அந்த லயத்துச் சனம்தான். குழாய்க்குள் கந்தையைத் திணித்துவிட்டார்களாம். குடிதண்ணி கேட்டு ஏழு வருசம் ஆபீசுக்கு நடையாய் நடந்த சனம், குழாய் வந்ததும் அதன் வாயிலேயே கந்தையைத் திணிக்குமாம். இதைக் கண்டாக்கு ஐயா தம் கைப்பட எழுதித் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் கொடுத்தும் விட்டார். எப்படி இருக்கிறது நியாயம்!

கண்டாக்கு ஐயா என்றால் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிற கண்டக்டர். வெள்ளைக் காற்சட்டை, காலுக்கு முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்ட வெள்ளை மேசு, கையில் தடி. அவர் ஒன்றை எழுதிவிட்டால் அது நடந்துவிட்டதென்றே அர்த்தம்.

இரத்தோட்டை பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், ஏற வேண்டிய தோட்டம் அது. பஸ்ஸெல்லாம் அரசாங்கத்துக்குப் போய் மூன்றாவது வருசம். மாசி கழிந்து பங்குனி வெயில் மலையை வறுத்துக்கொண்டிருந்தது. பணிய லயத்தில் நாற்பத்திரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஒரு அறை. அத்தனை பேருக்கும் தண்ணீர் கீழே ஓடையில்தான். அந்த ஓடைக்கு மேலே இன்னொரு லயம் இருக்கிறது, அங்கே துணி துவைப்பார்கள், பிள்ளைகளைக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரைத்தான் இவர்கள் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். சுந்தரம்மாவின் மகள் சந்திரகாந்தாவுக்கு மூன்று வயசு. அந்த மாசத்தில் மட்டும் இரண்டாவது தடவையாக வயிற்றோட்டம். பிள்ளை கிழிந்த பாயில் கிடந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுந்தரம்மா கொழுந்து பறிக்கிறவள். வாய்க்காரி என்று லயத்தில் பெயர். அவள் புருசன் அழகமுத்து நேர்மாறு, நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் தலையைச் சொறிவான். குழாய் போகிற வழியில் புதர் வெட்டினது, ஒன்றரை இஞ்சிக் குழாய்களைத் தோளில் சுமந்து ஊத்தடிக்குக் கொண்டுபோனது, பூட்டு முறுக்கினது எல்லாம் அவன்தான். தோள் இரண்டும் காய்த்துப்போய்க் கிடந்தன.

குழாய் போன வழி இதுதான். மலைக்கு மேலே ஊத்து. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மிளகுக் கொடி படர்ந்த ஒரு மேடு. மேட்டுமேல் ஏறி, மறுபக்கம் சரிந்து, ஓடைப் பள்ளத்தில் இறங்கி, அதற்கப்பால் கொஞ்சம் ஏறினால் லயத்து டேங்கி. மேட்டைச் சுற்றிக்கொண்டு போகலாம், ஆனால் நாற்பது குழாய் கூடப் பிடிக்கும்.

"மேட்டைச் சுத்திக்கிட்டுப் போனா நல்லதுங்களே" என்று அழகமுத்து அன்றைக்கே வாயைத் திறந்தான். பிறந்த நாளிலிருந்து அவன் சொன்ன ஒரே யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

கண்டியிலிருந்து வந்த எஞ்சினியர் சிரித்தார். "ஊத்து டேங்கியைவிட இருபதடி உயரம். அந்த மேடும் ஊத்தைவிட நாலடி பணிவு. உயரத்துல உள்ள தண்ணி பள்ளத்துக்கு வரும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ குழாயைத் தூக்கு."

மூன்று காலில் நிற்கிற கண்ணாடிக் கருவியை வைத்து அவர் அளந்த அளவில் பிழை இல்லை. இருபதடி இருபதடிதான், நாலடி நாலடிதான். ஆனால் அவர் கணக்குப் போட்டது தண்ணீருக்கு. குழாய்க்குள் தண்ணீருக்கு முந்தியே ஒருத்தன் குடியிருக்கிறானே, காற்று, அவனை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தது சுந்தரம்மாவின் கால்.

கொழுந்து மலைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அந்தக் குழாயை இரண்டு இடத்தில் தாண்டும். காலை ஒன்பது மணி வெயிலில், மேட்டு உச்சியில் அவள் குழாய்மேல் கால் வைத்தாள். சுரீரென்றது. "ஐயோ!" என்று காலை உதறினாள். பின்னால் வந்தவள் சிரித்தாள். கொஞ்சம் முந்தித் தாண்டின இடத்தில் அதே குழாய் குளிர்ந்து கிடந்ததே என்று சாயங்காலம் வரைக்கும் சுந்தரம்மாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அதே நேரத்துக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஊத்தடியிலிருந்து குழாயோடே நடந்தாள், ஒவ்வொரு குழாயிலும் வெறுங்காலை வைத்து வைத்து. ஊத்திலிருந்து மேடு வரைக்கும் குளிர்ச்சி. உச்சியிலிருந்து மறுபக்கச் சரிவில் பாதி வரைக்கும் சூடு. அதற்குக் கீழே, பள்ளத்தில், மறுபடியும் குளிர்ச்சி. பூட்ஸ் போட்டு அந்தக் குழாயை இருபது தடவை தாண்டின மகராசன்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

அன்றைக்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள், பறித்த கொழுந்தும் குறைந்தது. அவள் கவலைப்படவில்லை.

பிள்ளைக்கென்று வாங்கின கட்டிப்பால் டின் ஒன்று அடுப்படியில் இருந்தது. அந்திக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது அதில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தாள். பால் எட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. எதிர்ப்பக்கம் இரண்டாவது ஓட்டை போட்டதும் கொழகொழவென்று இறங்கியது. எத்தனையோ தடவை செய்த வேலைதான். அன்றைக்கு அவள் டின்னைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தாங்க" என்றாள். "குழாய்க்குள்ள கந்தையுமில்ல மண்ணுமில்ல. காத்து."

அழகமுத்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்தான். "காத்தா?"

"கால வச்சிப் பாத்தேன், தண்ணி உள்ள எடம் குளிருது, காத்து உள்ள எடம் சுடுது. இந்தப் பக்கம் தண்ணி நிக்குது, அந்தப் பக்கம் பள்ளத்துலயும் தண்ணி நிக்குது. நடுவுல காத்து மாட்டிக்கிட்டு. ஊத்துத் தண்ணி நாலடி உசரத்துலருந்துதான தள்ளுது? அந்தத் தள்ளுக்குக் காத்து சுருங்குதே தவிர எடத்த விட்டு நகரல. வெளிய போக வழி இருந்தாத்தான போகும்?"

"எஞ்சினியருக்குத் தெரியாதா புள்ள?"

"தெரிஞ்சா இருபத்தாறு நாளு ஏன் கந்தைய தேடுறாரு? நீங்க அந்த உச்சியில ஒரு ஓட்டை போடுங்க. காத்து போகட்டும். தண்ணி வந்ததும் ஒரு ஆப்பு அடிச்சி மூடிருவோம்."

"தோட்டத்துக் குழாயிலயா? பத்துச்சீட்டு எழுதிருவாங்க."

பத்துச்சீட்டு என்றால் வேலை போச்சு, காம்பராவும் போச்சு. வோட்டும் இல்லை, பிரஜை என்று சொல்லிக்கொள்ள ஒரு தாளும் இல்லை. பத்துச்சீட்டோடு ரோட்டில் நிற்கிற குடும்பத்தை எந்தத் தோட்டமும் லேசில் சேர்க்காது. அழகமுத்து பயந்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பாயில் கிடந்த பிள்ளை, "ம்மா, வயிறு" என்றது. அவன் ரொட்டியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டைக்கு இறங்கினார்கள். தகரக்கடை முத்தலிப் நானாவிடம் கைத் துறப்பணம் ஒன்று இருந்தது, கைப்பிடியைச் சுற்றினால் இரும்பைத் துளைக்கும்.

"என்னத்துக்குப் புள்ள இது?" என்றார் நானா. சுந்தரம்மா சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! மண்ணெண்ணெ பீப்பாக்கு ரெண்டு ஓட்ட போடாம நாங்க எண்ணெ எடுக்கிறல்லயே. இதப் படிக்கவா அந்த மனிசன் சீமைக்குப் போயீக்கி? கொண்டு போங்க. ஒடச்சிப் போட்டாலும் பரவாயில்ல."

திங்கட்கிழமை பொழுது புலர்கிற நேரம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு முந்தி, அழகமுத்து மேட்டு உச்சியில் துறப்பணத்தைத் திருகினான். சுந்தரம்மா குழாயை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள், உருட்டுக் குழாய், பிடிக்காவிட்டால் முனை வழுக்கும். இரும்பு விட்டதும் 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். துருநாற்றம் முகத்தில் அடித்தது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தது. பிறகு இருமியது, துப்பியது, செம்மண் நிறத்தில் தண்ணீர் பீய்ச்சியது. அழகமுத்து கொய்யாக் கம்பில் சீவி வைத்திருந்த ஆப்பைச் சணல் சுற்றி அடித்தான்.

கீழே லயத்திலிருந்து கூச்சல் கேட்டது. "வந்திருச்சி! தண்ணி வந்திருச்சி!" வாளியும் தாச்சியும் முட்டிக்கொண்டன. ஒருத்தி டேங்கிக்குள் தலையையே விட்டுவிட்டாள். சுந்தரம்மா மேட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழகமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஆப்பை இன்னொரு தட்டுத் தட்டினான்.

பதினோரு நாள் அந்தத் தண்ணீர் வந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை அழகமுத்து ஆப்பைத் தளர்த்தி, சேர்ந்திருக்கிற காற்றை விட்டு, திரும்ப அடித்து வைப்பான். பிள்ளைக்கு வயிறு நின்று, எழுந்து நடந்தது. எஞ்சினியர் கண்டியிலிருந்து, அடைப்புத் தானாகவே கழுவப்பட்டுவிட்டது, கணக்குச் சரி என்று துரைக்குக் கடிதம் எழுதினார். தானாகவே!

பன்னிரண்டாம் நாள், அழகமுத்து ஆப்பைத் தளர்த்துகிற நேரம், கண்டாக்கு ஐயா கண்டுவிட்டார்.

அவருக்கு என்ன நோவு என்று கேளுங்கள். தண்ணீர்தான் வருகிறதே, போனால் போகட்டும் என்று விடலாமே? விட முடியாது. அந்த ஓட்டை சரியென்றால் கந்தை பொய். கந்தை பொய்யென்றால் அவர் எழுதிக் கொடுத்ததும் பொய். தம் எழுத்தைக் காப்பாற்ற ஒரு குடும்பத்தைத் தெருவில் விட்டால் என்ன என்று நினைத்தார் அந்தப் புண்ணியவான். 'தோட்டச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம்' என்று தாள் அடித்து, அழகமுத்துவின் கையில் கொடுத்தார்கள்.

விசாரணை ஆபீசுக்குள் நடந்தது. பெண்பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. சுந்தரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றாள். பக்கத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் லெட்சுமணன் நின்றார், அவரையும் உள்ளே விடவில்லை.

பெரிய துரை கேட்டார்: "நீ ஆர் உத்தரவில ஓட்டை போட்டது?"

அழகமுத்து தலையைச் சொறிந்தான். "தண்ணி வரலீங்க தொர..."

"கேட்டதுக்குப் பதில். ஆர் உத்தரவு?"

"உத்தரவு இல்லீங்க."

"ஒத்துக்கொண்டான் சேர்" என்றார் கண்டாக்கு ஐயா.

சுந்தரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஓட்டை போட்டதாலதான் தொர தண்ணி வந்திச்சி! சேதம் பண்ணவன் தண்ணி குடுப்பானா? அந்த ஓட்டைய ஒட்டிப் பாருங்க, தண்ணி நின்னுரும்!"

"ஒட்டுவோம்" என்றார் கண்டாக்கு ஐயா. "ஒட்டினாலும் தண்ணி வரும். எஞ்சினியர் எழுதியிருக்கிறார்."

"ஒட்டணுமுன்னா மொதல்ல குழாய்த் தண்ணிய வடிக்கணும் ஐயா. வடிச்சா காத்து திரும்ப ஏறும். இது தெரியாதா ஒங்களுக்கு?"

"அந்தப் பொம்பிளையைப் போகச் சொல்."

மாசக் கடைசியோடு அழகமுத்துவுக்குப் பத்துச்சீட்டு என்று தீர்ப்பாயிற்று. தேயிலை ஆலையான ஸ்டோரிலிருந்து பிட்டர் வந்து குழாயை வடித்து, ஓட்டையில் பித்தளை ஊற்றி அடைத்து, மேலே தாரும் பூசினான். ஊத்தடியில் திறந்துவிட்டார்கள். டேங்கியடியில் வாளிகளோடு சனம் நின்றது. காலையில் நின்றது, மத்தியானம் நின்றது. அந்திக்கு எல்லோரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார்கள்.

ஐந்தாம் நாள் மூன்று காம்பராவில் பிள்ளைகளுக்குப் பேதி. சந்திரகாந்தாவும் திரும்பப் பாயில் விழுந்தாள்.

ஆறாம் நாள்தான் அந்த அதிசயம். கண்டாக்கு ஐயா லயத்துக்கே வந்தார், சுந்தரம்மாவின் காம்பரா வாசலுக்கு. வந்தவர் கையில் ஸ்டோரிலிருந்து எடுத்த ஒரு துறப்பணம்.

"அழகமுத்து, நாளைக்கு மாத்தளையிலிருந்து சுகாதாரப் பரிசோதகர் வாறார், குழாய்த் தண்ணி பாக்க. துரை சொன்னார், பழைய இடத்திலேயே ஒரு ஓட்டை போடட்டாம். விடியக்காலையிலேயே போட்டுரு."

அழகமுத்து பெண்சாதியைப் பார்த்தான்.

"அப்ப பத்துச்சீட்டு?" என்றாள் அவள்.

"அது வேற. அது போட்ட ஓட்டைக்கு. இது துரை சொல்லிப் போடுற ஓட்டை."

"அப்பிடீன்னா எழுதித் தாங்க. தொர சொல்லிப் போட்டதுன்னு ஒரு வரி."

"எழுத்தெல்லாம் தர ஏலாது. சொன்னதைச் செய்."

அதே குழாய், அதே இடம், அதே அளவு ஓட்டை. முதலாவதற்குத் தண்டனை, இரண்டாவதற்கு உத்தரவு. அந்த உத்தரவையும் எழுத மாட்டாராம், எழுதினால் தண்டனை நிற்காதே! துறப்பணத்தை வாசலில் வைத்துவிட்டு அவர் போனபிறகு லயமே அங்கே கூடிவிட்டது.

"தொடாத தங்கச்சி" என்றார் லெட்சுமணன். "எழுத்தில்லாமப் போட்டா ரெண்டாவது குத்தமுன்னு வைப்பான். அப்புறம் சங்கத்தால ஒண்ணும் பண்ண ஏலாது."

"எம்புள்ளைக்கு ரத்தமா போகுதுக்கா" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி. அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சுந்தரம்மா ஏசியிருப்பாள். கேட்காமல் நின்றதுதான் தாங்க முடியவில்லை.

"அவரு தொடமாட்டாரு" என்றாள் சுந்தரம்மா. "நான் போடுறேன். ஆனா விடியக்காலையில இல்ல. மத்தியானம், கொழுந்து நிறுத்துட்டு எல்லாரும் வாங்க. தலைவரே, நீங்களும் வாங்க, நாங்க ஒங்ககிட்ட குடுத்து வச்ச குத்தத் தாளையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கிட்டு."

மறுநாள் மத்தியானம் மேடு முழுக்க இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டின பெண்டுகள். இன்னும் ஓட்டை விழவில்லை என்று கேள்விப்பட்டுக் கண்டாக்கு ஐயா மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"என்ன இது பிரட்டா? பரிசோதகர் ஜீப்பு கீழே பாலத்தடிக்கு வந்துட்டுது! சீக்கிரம் போடு!"

"போடுறேன் ஐயா. குழாய யாராவது புடிக்கணும். உருளும்."

"அழகமுத்து, பிடி."

"அவரு தொடமாட்டாரு. அவருதான் சேதம் பண்றவராச்சே."

கண்டாக்கு ஐயா பெண்டுகளைப் பார்த்தார். நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "ஏய் நீ பிடி" என்று ஒருத்தியைத் தடியால் காட்டினார். "பத்துச்சீட்டு எழுதுவீங்க ஐயா, பயமாயிருக்கு" என்றாள் அவள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கீழே ஜீப்பு இரைகிற சத்தம் மேலே கேட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், தடியைப் போட்டார், வெள்ளை மேசோடு செம்மண்ணில் மண்டி போட்டு, குழாயை இரண்டு கையாலும் பிடித்தார்.

சுந்தரம்மா துறப்பணத்தைத் திருகினாள். பித்தளைத் தூள் உதிர்ந்தது. முக்கால்வாசி இறங்கியதும் நிறுத்திவிட்டாள்.

"என்ன நிப்பாட்டிட்டாய்?"

"ஒரு சந்தேகம் ஐயா. இந்த ஓட்டைய ரெண்டு பேரு சேந்துதான் போடுறோம். நான் துளைக்கிறேன், நீங்க புடிக்கிறீங்க. நாப்பது பேரு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எழுத்தும் இல்ல. அப்ப பத்துச்சீட்டு ஒங்களுக்கும் உண்டா?"

"வாயை மூடிக்கொண்டு திருகடி!"

"எனக்குக் கை வலிக்குது." அவள் துறப்பணத்தை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஒங்களால எம் புள்ள பாயில கெடக்கு. எம் புருசன் தண்ணி குடுத்தாரு, நீங்க குத்தம் குடுத்தீங்க. மனுசரா ஐயா நீங்க? நான் அவசரப்படல. ஜீப்பு வரட்டும். பரிசோதகருகிட்டயே கேப்போம், காத்துக்கு எதுக்கு ஓட்டைன்னு."

கண்டாக்கு ஐயாவின் முகம் கறுத்தது. குழாயை விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

"சரி. பத்துச்சீட்டைப் பத்தித் துரைக்கிட்ட நான் சொல்றேன்" என்றார் வாய்க்குள்.

"சொல்ல வேணாம், எழுதுங்க. தலைவரே!"

லெட்சுமணன் குற்றத் தாளைத் திருப்பி, வெறுமையாயிருந்த பின்பக்கத்தில் பேனாவோடு நீட்டினார். ஜீப்பு கீழ் வளைவில் திரும்பி ஹோர்ன் அடித்தது. கண்டாக்கு ஐயா மண்டி போட்டபடியே முழங்காலில் தாளை வைத்து எழுதினார். எழுத்துக் கோணியது. கையெழுத்தும் வைத்தார். நீட்டினார்.

சுந்தரம்மா வாங்கவில்லை.

"எங்களுக்கு எழுத்துத் தெரியாது ஐயா. நீங்களே வாசிங்க. சத்தமா. பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."

அவர் லெட்சுமணனைப் பார்த்தார். லெட்சுமணன் மலையைப் பார்த்தார்.

"அழகமுத்து போட்ட ஓட்டையினால்தான் தண்ணீர் வந்தது" என்று வாசித்தார் கண்டாக்கு ஐயா. "குழாய்க்குள் கந்தை இருக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்தது பிழை. அவன்மேல் உள்ள குற்றத்தை வாபஸ் வாங்குகிறேன்."

"பிழை இல்ல, பொய்" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

அவர் பேனாவைத் திரும்ப எடுத்து, ஒரு சொல்லை வெட்டி, இன்னொரு சொல்லை எழுதி, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். லெட்சுமணன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

சுந்தரம்மா எழுந்து துறப்பணத்தை ஓட்டையில் வைத்தாள்.

"இப்பக் குழாயப் புடிங்க ஐயா. புள்ளைங்க தண்ணியில்லாமக் கெடக்கு."